இருட்டறையில் ஒரு நாற்றங்கால்

ஒரே பாடத்தை வருடா வருடம் நடத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கொஞ்ச நாளில் அந்தப் பாடம் நமக்குத் தெரியும் என்று நாமே நம்பத் தொடங்கிவிடுவோம்.

நான் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைச் சோறு என்ற சொல்லைவிட அதிக தடவை சொல்லியிருப்பேன். கரும்பலகையில் ஓர் இலை வரைவேன். மேலே ஒரு சூரியன். சூரியனிலிருந்து இலைக்கு ஓர் அம்புக்குறி. (சூரியனுக்கு மீசை வைத்த பையன் யார் என்று விசாரிப்பதிலேயே பாதி வகுப்பு போய்விடும்.) வெளிச்சம் இல்லாவிட்டால் செடி தனக்குச் சோறு பொங்க முடியாது, எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நான், நெல் நாற்றை ஜன்னல்கூட இல்லாத ஓர் அறையில் வைத்து வளர்த்தேன் என்று சொன்னால் மதுரையில் யாரும் நம்புவதில்லை. எங்கள் ஊர் சனம் நம்பும், ஏனென்றால் அது மொத்தமாக நின்று வேடிக்கை பார்த்தது.

நான் பிறந்து வளர்ந்தது செல்லூர். எனக்குத் தெரிந்த வயல், பஸ் ஜன்னலில் பின்னால் ஓடுகிற பச்சை நிறம், அவ்வளவுதான். வாக்கப்பட்டது கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம், சமணர் மலை தெரிகிற ஒரு சின்ன ஊரில். கணவர் பாண்டிக்கு செல்போன் கோபுரங்களைப் பழுது பார்க்கிற வேலை; பாதி நாள் வெளியூரில் ஏதாவது ஒரு கோபுரத்தின் உச்சியில் இருப்பார். வீட்டில் மாமனார், மாமியார், புது மருமகளாக நான். மாமாவுக்குக் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல் இருந்தது. வயலைவிடப் பெரிய அளவில் ரோஷம் இருந்தது.

அந்த ரோஷத்துக்குக் காரணம் ஒரு புளியமரம். மாமாவின் வயலுக்குக் கிழக்கு வயல் ராசாங்கம் என்பவருடையது. மாமாவுக்குச் சித்தப்பா மகன், எனக்குச் சின்ன மாமனார். வரப்பில் நிற்கிற புளியமரம் அவருடையது. ஆனால் காலையில் அதன் நிழல் விழுவது எங்கள் வயலில். நிழல் விழுகிற இடத்தில் மட்டும் நெல் சவலையாக, கதிர் பிடிக்காமல் நிற்கும்.

"வெயிலு படாம எப்படிடா நெல்லு வெளையும்? கெளையை வெட்டுடா" என்று மாமா ஒருநாள் கேட்டிருக்கிறார்.

"மரம் எம்மரம். நெழலு அதுபாட்டுக்கு விழுகுது. நெழலுக்குக் கயிறு கட்டி எம்பக்கம் இழுத்துக்கிறவா?" என்று ராசாங்கம் கேட்டிருக்கிறார்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. நல்லது கெட்டதுக்குப் போவது நின்றது. அத்தையும் ராசாங்கத்தின் மனைவி மாயக்காளும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால், ஒருத்தி மலையைப் பார்ப்பாள், ஒருத்தி கண்மாயைப் பார்ப்பாள். என் கல்யாணத்துக்குக்கூட அவர்கள் வரவில்லை. ஊரில் யார் எதைப் பற்றிப் பேசினாலும் மாமா கடைசியில் வெயிலில் கொண்டுவந்து நிறுத்துவார். "பயிருக்கு வெயிலுதான்யா உசுரு. நெழல்ல வளந்தது உருப்படாது" என்பார். இதைக் கேட்கும்போதெல்லாம் நான் பெருமையாகத் தலையாட்டுவேன். என் மாமனாரே பாடத்தை நடத்துகிறாரே என்று இருக்கும்.

அந்த வருடம் நல்ல மழை. கண்மாய் நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் இப்போது மிஷின் நடவுதான். அதற்கு நாற்றைத் தட்டில் வளர்க்க வேண்டும். பிளாஸ்டிக் தட்டில் சலித்த மண்ணைப் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவினால், வேர் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும். அந்தப் பாயை அப்படியே எடுத்து மிஷினில் வைப்பார்கள். நடவு மிஷின் எங்கள் ஊருக்கு வந்தால் வரிசையாக எல்லா வயலையும் நட்டு முடித்துவிட்டுச் சோழவந்தான் பக்கம் போய்விடும். அந்தப் பருவத்தில் மறுபடி வராது. கை நடவுக்கு ஆள் தேடுவது பெண் தேடுவதைவிடக் கஷ்டம்.

மாமா வயலோரம் தட்டு போட்டிருந்தார். பாதி வளர்ந்திருந்தது. ஒரு காலையில் மலைப் பக்கத்திலிருந்து மயில்கள் இறங்கின. மயில் ஆடினால் அழகு என்று சொல்கிறவர்கள், அது நாற்றங்காலில் ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாமா கம்போடு ஓடினார். ஆனால் அடிக்க முடியுமா? முருகன் வாகனம். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

"முருகா, உன் வண்டியைக் கொஞ்சம் கெழக்கால ஓட்டிட்டுப் போயேன்."

முருகன் காதில் விழவில்லை. தட்டுகள் மட்டும் மிஞ்சின.

மாமா வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அரை மூட்டை விதைநெல் இருந்தது. ஆனால் மறுபடி விதைத்து நாற்றாக்க நாள் போதாது. மிஷின் அதற்குள் வந்து போய்விடும். ஊரில் தேவைக்கு மேல் நாற்று வைத்திருந்தவர் ஒரே ஒருவர். ராசாங்கம்.

"கேட்டுப் பாத்தா என்ன?" என்றாள் அத்தை, மெல்ல.

"அவன் வாசல்ல போயி நாத்துக்கு நிக்கிறதுக்கு, வயலைத் தரிசாப் போட்டுருவேன்" என்றார் மாமா. "பயிர் வைக்காத வருசம்னு எனக்கு ஒரு வருசங்கூட இல்ல. இந்த வருசம் இருந்துட்டுப் போகட்டும்."

அந்த மனுஷன் சாப்பிடாமல் எழுந்து போனார். நான் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். அங்கேதான் அந்த அறை இருந்தது. அங்கேதான் என் புத்தி கெட்டது.

அது முளைப்பாரி அறை. அம்மன் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த வருடம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில்தான் பாரி போட்டார்கள். சட்டியில் எருவும் வைக்கோலும் நிரப்பி, நவதானியத்தைத் தூவி, வெளிச்சமே புகாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். சாயங்காலம் சுற்றி நின்று கும்மி அடிப்பார்கள். சில நாளில் முளை தங்க நிறத்தில் கிடுகிடுவென்று எழும்பும். எவ்வளவு உயரமோ அவ்வளவு விசேஷம். ஊர்வலமாகத் தலையில் தூக்கிப் போய்க் கண்மாயில் கரைப்பார்கள். அந்த வருடம் பாரி முழங்கை உயரம் வந்திருந்தது. ஊரே வாயைப் பிளந்தது.

காலியாகிவிட்ட அந்த இருட்டறையில் நின்றபோது என் மண்டைக்குள் மட்டும் பல்பு எரிந்தது. வெளியில் பல நாள் வளர வேண்டியது, உள்ளே பாதி நாளில் முழங்கை உயரம்! மயிலும் வராது!

மாமாவிடம் ஓடினேன். "மாமா, நாத்தை நான் வளர்த்துத் தாரேன்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயாத்தா? நீ தண்ணி ஊத்த ஆரம்பிச்சதுல இருந்து தொளசியே பட்டுப்போச்சே."

(துளசி பட்டுப்போனதற்கு வேறு காரணங்கள் இருந்தன. இப்போது வேண்டாம்.)

நான் விளக்கினேன். இருட்டறை என்றதும் மாமா பதறினார். "வெயிலு வேணாமா?"

"விதைக்குள்ளேயே சாப்பாடு இருக்கு மாமா. ஆரம்பத்துல வெயிலே தேவையில்ல. தட்டு போட்டதும் முளைக்கிற வரைக்கும் நீங்களே மூடித்தானே வைக்கிறீங்க?"

"ஆமா, வைக்கிறோம்."

"அதையே கொஞ்சம் நீட்டிக்கிறோம். உயரம் வந்ததும் வெளியே எடுத்தா, வெயில் பட்டுப் பச்சை புடிச்சுக்கும். புத்தகத்துலயே இருக்கு."

புத்தகத்தில் இருந்தது உண்மைதான். வெளிச்சம் பட்டால் பச்சையம் உண்டாகும் என்று போட்டிருந்தது. வெளிச்சம் காட்டாமல் எவ்வளவு நாள் பட்டினி போடலாம் என்று அந்தப் பக்கத்தில் இல்லை. அடுத்த பக்கத்தில் இருந்ததோ என்னமோ. அது பரீட்சைக்கு வராது என்று நாங்கள் நடத்துவதில்லை. படித்த மருமகள் சொல்கிறாள். ராசாங்கம் வாசலுக்குப் போவதைவிட இது மேல் என்று மாமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "செய்யித்தா" என்றார்.

விதையைத் தட்டுகளில் தூவி அறைக்குள் அடுக்கினோம். அன்று சாயங்காலம் மாமா எட்டிப் பார்க்க வந்தார். அத்தை வாசலில் குறுக்கே கை வைத்து நின்றுவிட்டாள்.

"ஆம்பளைங்க உள்ள வரப்படாது. பாரி ரூமு."

"அதான் திருவிழா முடிஞ்சிருச்சேடி. உள்ள இருக்கிறது நெல்லு."

"மொளை மொளைதான். அந்த ரூமுல மொளை இருக்கிற வரைக்கும் ஆம்பளை காலு படக்கூடாது."

அத்தை இதோடு நிற்கவில்லை. அந்த அறையில் கும்மி அடிக்காமல் முளை எழும்பாது என்று அடம் பிடித்தாள். எனவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதுநிலைத் தாவரவியல் பட்டம் பெற்ற நானும் என் மாமியாரும் நெல் தட்டுகளைச் சுற்றிக் கும்மி அடித்தோம். எனக்குப் பாட்டுத் தெரியாது. ஒவ்வோர் அடியிலும் கடைசிச் சொல்லை மட்டும் சத்தமாகப் பிடித்துக்கொண்டேன். பாண்டி கோபுரத்து உச்சியிலிருந்து போன் செய்தார்.

"என்ன சத்தம்?"

"நாத்துக்குக் கும்மி."

"உள்ள டவர் எடுக்குதா அதுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இந்த விஷயத்தில் அவர் பங்களிப்பு அவ்வளவுதான்.

நாற்று எழும்பியது. எழும்பியது என்றால் சாதாரணமாக இல்லை. படுக்கப் போகும்போது ஓர் உயரம், எழுந்து பார்த்தால் வேறு உயரம். மாமா தினமும் கதவுக்கு வெளியே நின்று கேட்பார்.

"ஏத்தா, எம்புட்டு வளந்துருக்கு?"

நான் கதவிடுக்கில் கையை நீட்டிக் காட்டுவேன். முதலில் விரல். அப்புறம் சாண். அப்புறம் முழங்கை. எவ்வளவு உயரம் என்று மட்டும்தான் அவர் கேட்டார். என்ன நிறம் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நிறம் வெளிர் மஞ்சள். அத்தைக்கு அதில் குறையே தெரியவில்லை. "தங்கமாட்டம் வந்துருக்கு" என்று நெட்டி முறித்தாள். பாரி அந்த நிறத்தில்தானே வர வேண்டும்.

மாமாவுக்கு நடையே மாறிவிட்டது. டீக்கடையில் முழங்கையைத் தட்டிக் காட்டுவாராம். "இம்புட்டு! மருமக வளர்ப்பு! உங்க நாத்தெல்லாம் எம்புட்டுய்யா?" மற்றவர்கள் நாற்று சாண் அளவுகூட வந்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ராசாங்கம் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதை மாமா எங்களிடம் வந்து நடித்தே காட்டினார்.

மிஷின் வருகிற நாள் வந்தது. விடிந்ததும் தட்டுகளை வெளியே எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு சின்னச் சிக்கல் தெரிந்தது. தட்டை அசைத்தால் நாற்று முழுக்கத் தலைசாய்ந்து தரையைத் தொட்டது. அத்தை அசரவில்லை. பாரிக்குச் செய்வது போலவே வாழைநாரால் சுற்றிக் கட்டி நிறுத்தினாள். அந்த அறையிலிருந்து முளை மஞ்சள் குங்குமம் இல்லாமல் வெளியே போகக் கூடாதே என்று ஒவ்வொரு தட்டுக்கும் பொட்டு வைத்தாள். பொட்டு வைத்த பிறகு பூ இல்லாமலா? வீட்டில் இருந்த மல்லிகைச் சரத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சுற்றினாள். நாங்களும், தட்டுத் தூக்க வந்திருந்த பெண்களும் தலையில் சும்மாடு வைத்து ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா வாசலில் காத்திருந்தார். முதல் தடவையாக நாற்றைப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏத்தா... என்ன இம்புட்டு வெளுப்பா இருக்கு?"

"வயலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பச்சை புடிச்சுக்கும் மாமா" என்றேன். வயல் கூப்பிடு தூரம். நான் அதைச் சொன்னேன். நம்பியும் சொன்னேன்.

மாமா முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் வரிசையாக நடந்தோம். தலையில் தங்க நிற முளை, பூச்சுற்று, குங்குமம். டீக்கடை தாண்டவில்லை, ஒரு பெரியம்மா எங்களைப் பார்த்துக் கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

"ஆத்தா! மறுபடியும் பாரி கேட்டுட்டாளா?"

அவள் குலவை போட்டாள். குலவை கேட்டதும் அடுத்த வீட்டில் குலவை. "அதான் தெனமும் சாயங்காலம் இவுக வீட்டுல கும்மிச் சத்தம் கேட்டுச்சு. ஏதோ வேண்டுதலு" என்று ஒருத்தி விளக்கம் வேறு சொன்னாள். எங்களோடு தட்டுத் தூக்கி வந்த பெண்களுக்கும் குலவை தொற்றிக்கொண்டது. திருவிழாவுக்கு வந்த மேளக்காரர்கள் இரண்டு பேர் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதற்காக பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். அவர்கள் என்ன ஏது என்று கேட்கவில்லை, உறையைக் கழற்றினார்கள். பூசாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! உத்தரவு யாரு மேல வந்துச்சு?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமாவுக்கு மேளச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. "மருமக" என்றார். நாற்றை வளர்த்தது யார் என்று கேட்பதாக நினைத்துவிட்டார்.

அவ்வளவுதான். பூசாரி என் நெற்றியில் ஒரு கை திருநீற்றை அள்ளிப் பூசினார். "இது நெல்லு நாத்துங்க! நடவுக்குப் போறோம்!" என்று கத்தினேன். வாயில் திருநீறு போனதால் இருமல்தான் வந்தது. நான் இருமிய இருமலில் சாமி இறங்கிவிட்டதாக முடிவு செய்து இரண்டு பெண்கள் என்னை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

ராசாங்கம் வீட்டு வாசல் வந்தது. மாயக்காள் குடத்தோடு நின்றிருந்தாள். பாரி எடுத்து வருகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். சண்டைக்கார வீடு என்று பார்த்து ஊற்றாமல் விட்டால் அது அம்மனுக்கு ஆகாது. மாயக்காள் அத்தைக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு பேரும் மலையையும் பார்க்கவில்லை, கண்மாயையும் பார்க்கவில்லை. மாயக்காள் அத்தையின் காலில் தண்ணீர் ஊற்றி, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தைக்கு அழுகை பொங்கிவிட்டது. தட்டைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. "நல்லா இருப்பே" என்றாள். எனக்கும் அழுகையாக வந்தது. ஆனால் என் கவலை வேறு. மல்லிகைச் சரத்துக்குள் என் நாற்று வதங்க ஆரம்பித்திருந்தது.

தெரு முடிகிற இடத்தில் பாதை பிரியும். வலது பக்கம் வயல். இடது பக்கம் கண்மாய்ப் படித்துறை. நானும் அத்தையும் வலது பக்கம் திரும்பினோம். மேளமும் கூட்டமும் இடது பக்கம் திரும்பியது. பின்னால் வந்த பெண்களும், பழக்க தோஷத்தில், மேளத்தின் பின்னாலேயே போய்விட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது முதல் தட்டு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். "ஐயோ, கரைச்சிராதீங்க! அது நெல்லு! நெல்லு!"

"ஆமாத்தா" என்றார் பூசாரி, அமைதியாக. "நவதானியத்துல நெல்லும் உண்டுதான்."

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பூசாரியிடமிருந்து ஒரு தட்டைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. சாமி கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற மருமகளை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா வந்து மண்வெட்டியைக் கரையில் ஊன்றி, "யோவ், அது என் நாத்துய்யா!" என்று போட்ட சத்தத்தில்தான் மேளம் நின்றது. பாதி நாற்று கண்மாயில் மிதந்தது. மீதிப் பாதியை மீட்டு வயலுக்குக் கொண்டுபோனோம். விஷயம் புரிந்த கூட்டம் கலைந்து போகும் என்று நினைத்தேன். கலையவில்லை. வரப்பெல்லாம் வரிசையாக உட்கார்ந்துகொண்டது.

மிஷின் டிரைவர் வயலோரம் காத்திருந்தார். ஈரச் சேலையோடு, நெற்றி நிறையத் திருநீறோடு நான் கொண்டுவந்து வைத்த தட்டைப் பார்த்தார். நாரை அவிழ்த்தார். நாற்று அவர் கை மேலேயே சரிந்து படுத்தது. அதைத் தூக்கிப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இது மிஷினுக்கு நாத்தா, தலைக்கு சவுரியா?"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. "போட்டுப் பாருங்கண்ணே" என்றேன், விடாமல். போட்டார். மிஷின் நான்கடி போனது. நாற்றை எடுத்து ஊன்ற வேண்டிய இரும்பு விரல்களில் என் நாற்று இடியாப்பம் மாதிரி சுற்றிக்கொண்டது. டிரைவர் இறங்கி, கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தார். சரி, கையாலாவது நடுவோம் என்று அத்தையும் நானும் சேற்றில் இறங்கினோம். குனிந்து ஒவ்வொன்றாக ஊன்றினோம். ஊன்றியது நிமிர்ந்து நிற்கவில்லை. நாங்கள் கையை எடுத்ததும் அதுவும் படுத்துக்கொண்டது. வெயில் ஏறியது. பச்சை பிடிக்கும் பிடிக்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உச்சி நேரத்துக்குள் வெந்த சேமியா மாதிரி வயலில் ஒட்டிக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு என் பாடம் புரிந்தது. நாங்கள் வளர்ச்சி என்று கும்மி அடித்துக் கொண்டாடியதெல்லாம், அந்தப் பயிர் வெளிச்சம் எங்கே எங்கே என்று எக்கி எக்கிப் பார்த்தது. விதையில் இருந்த சாப்பாட்டை எல்லாம் அந்தத் தேடலுக்கே செலவழித்துவிட்டது. தனக்கென்று சோறு பொங்க ஒரு துளி பச்சையம்கூட அதனிடம் இல்லை. தண்டில் பலமும் இல்லை. பசியோடு வளர்ந்த பிள்ளையைத் திடீரென்று மத்தியான வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால் மயங்கி விழாமல் என்ன செய்யும்? இதைக் கரும்பலகையில் நான் எத்தனை வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன்! செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. செருப்பு கண்மாயில் போய்விட்டிருந்தது.

டிரைவர் மிஷினைக் கிளப்பப் போனார். மாமா சேற்றுக்கு நடுவில் அப்படியே நின்றார். தரிசு என்று அவர் வாயால் சொன்னது நிஜமாகிக்கொண்டிருந்தது. நான் மாமாவைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது புளியமரத்து நிழலிலிருந்து ராசாங்கம் எழுந்தார். இத்தனை வருடமாக அவர் காத்திருந்த நாள் அது. துண்டை உதறித் தோளில் போட்டார். ஊரே கேட்கிற மாதிரி பேசினார்.

"கேளுங்கய்யா! எம்மரத்து நெழலு ரெண்டு மணி நேரம் விழுகுதுன்னு எங்கூடப் பேச்சை நிப்பாட்டுன எங்கண்ணன், நாத்தைக் கொண்டுபோயி இருட்டு ரூமுல வச்சு வளத்துருக்காரு! அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மரத்தடியிலயாச்சும் எடம் குடுத்திருப்பேன்ல?"

வரப்பில் ஒருத்தர் சிரித்துச் சிரித்துச் சேற்றில் விழுந்தார். வெயில்தான் உயிர் என்று மாமா வருடக்கணக்கில் நிலைநாட்டிய வழக்கு அது. அதை நான் ஒரே அறையில் வைத்துத் தோற்கடித்திருந்தேன்.

மாயக்காள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வரப்பில் வந்தாள். "போதும், பேசுனது போதும். காலுக்குத் தண்ணி ஊத்திப்புட்டேன். இனிமே என்ன பகை? அக்கா, எங்க தட்டு பதினஞ்சு இருவது சும்மாதான் கெடக்கு. எடுத்துக்கங்க."

"குடுக்குறது யாரு, நான்ல?" என்றார் ராசாங்கம். "அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்தக் கெளையைப் பத்தி."

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மிஷின் டிரைவர்கூட இன்ஜினை நிறுத்திவிட்டார். மாமா புளியமரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சேற்றில் கிடந்த என் நாற்றைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நெழலு... கொஞ்சம் இருந்தா குளுமைதான்" என்றார்.

ராசாங்கத்தின் நாற்று வந்தது. குட்டையாக, கட்டையாக, கரும்பச்சையாக. மிஷினில் வைத்ததும் டக்டக்கென்று ஊன்றிக்கொண்டே போனது. பெண்கள் குலவை போட்டார்கள். இந்தத் தடவை சரியான காரணத்துக்கு. மாமா வரப்பில் ராசாங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் வெற்றிலையை ஒரே பையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த என் தங்க நாற்றை மாட்டுக்குப் போட்டோம். மாடு மோந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

கிளை இன்றும் வெட்டப்படவில்லை. நிழல் இன்றும் எங்கள் வயலில்தான் விழுகிறது. அந்த இடத்தில் நெல் இன்றும் சவலைதான். மாமா அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. விட்டால் ராசாங்கம் சின்ன மாமா, "ஏன், மருமக ரூமைவிடவா இருட்டா இருக்கு?" என்பார். இதில் எனக்கு ஒரு பதவியும் கிடைத்தது. அத்தனை உயரத்துக்கு முளை எழுப்பிய கை என்று, ஊரில் முளைப்பாரி போட்டால் முதல் விதையை நான்தான் தூவ வேண்டும். சின்ன அத்தை மாயக்காள் தன் சட்டியை என்னிடம்தான் கொண்டுவந்து தருவாள். நாற்று விஷயம் வேறு. "டீச்சரு பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிருச்சா?" என்று கேட்டு, நான் பஸ் ஏறியது உறுதியான பிறகுதான் மாமா விதைநெல்லை வெளியே எடுக்கிறார்.

போன வாரம் என் மகள் வீட்டுப்பாட நோட்டோடு வந்தாள். அவள் என் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். நெற்பயிர் வளரத் தேவையானவை யாவை என்று ஒரு கேள்வி. உயிரியல் ஆசிரியையான அம்மா வீட்டில் இருக்க, அவள் தாத்தாவிடம் கேட்டு எழுதியிருந்தாள். வாங்கிப் பார்த்தேன்.

"நெற்பயிர் வளரத் தேவையானவை: சூரிய ஒளி, தண்ணீர், காற்று, உரம், எங்கள் அம்மா பக்கத்தில் வராமல் இருப்பது."

என் கூட வேலை பார்க்கிற டீச்சர் அதற்குச் சிவப்பு மையில் முழு மதிப்பெண் போட்டிருந்தாள்.